இஞ்சின் சூடாயிருந்த காலை

பழைய கார் விற்பதைப் போல எரிச்சல் பிடித்த வேலை வேறு கிடையாது. பெண் பார்க்க வருகிறவர்களாவது பலகாரம் தின்று முடிக்கும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். கார் பார்க்க வருகிறவர்கள் இறங்கும்போதே உதட்டைப் பிதுக்கிக்கொண்டுதான் இறங்குகிறார்கள்.

அப்பாவின் காரைத்தான் விற்க வேண்டியிருந்தது. அப்பா தவறி முதல் வருசத் திவசமும் முடிந்துவிட்டது. அம்மா தேயிலைத் தோட்டத்து வீட்டை மாதக் கடைசிக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டு, தானா ராத்தா டவுனில் இருக்கும் என் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. அங்கே எங்களுக்குக் கார் நிறுத்த ஒரே ஓர் இடம். அதில் என் வீட்டுக்காரரின் வேன் மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஆகவே அப்பாவின் கார் யாரிடமாவது போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரனின் லோரியில் ஏற வேண்டும்.

"ஓட்டுற ஆளாப் பாத்துக் குடு. இரும்புக்காரனுக்கு மட்டும் குடுத்துறாத" என்றாள் அம்மா.

அம்மா எதையும் ஒரு தடவைதான் சொல்வாள். அப்புறம் நாம் அதைச் செய்து முடிக்கும் வரைக்கும் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வைக்கு இந்த வயதிலும் நான் பயப்படுகிறேன். மகள் வீட்டுக்கு வரச் சம்மதித்ததற்கு அவள் கேட்ட ஒரே விஷயம் அதுதான். அதைக்கூடச் செய்து கொடுக்க முடியாமல் போய்விடுமோ என்பதுதான் அந்த மாதம் முழுக்க எனக்கிருந்த கவலை.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற மெஷினில் வேலை பார்த்தார். எனக்குக் கல்யாணமாகி நான் டவுனுக்குப் போன பிறகுதான் கார் வாங்கினார், அதுவும் ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி ஓட்டிச் சலித்ததை. அதுவரைக்கும் மோட்டார் சைக்கிள்தான். கார் வாங்கிய அன்று நானும் போயிருந்தேன். பழைய கார் வாங்குவதற்கு எங்கள் தோட்டத்தில் ஒரு முறை உண்டு. காரில் ஆட்களை அள்ளிப் போட்டுக்கொண்டு, தொழிற்சாலைக்கு மேலே இருக்கிற மேட்டில் ஏற்ற வேண்டும். பின் சீட்டில் அடைக்க முடிந்த வரைக்கும் அடைக்கலாம். ஆனால் ஏறும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இருமல் வந்தால்கூட விழுங்கிக்கொள்ள வேண்டும். சமதளத்தில் ஓடும்போது இஞ்சின் சொல்வது எதையும் மலைக்காரர்கள் நாங்கள் நம்ப மாட்டோம். மேட்டில், ஆள் பாரத்தோடு, இரண்டாவது கியரில் அது என்ன முனகுகிறதோ அதுதான் உண்மை.

அன்றைக்குப் பின் சீட்டில் நான், என் மடியில் என் சித்தி மகள், பக்கத்தில் கோயில் பூசாரி, அவருக்கும் கதவுக்கும் நடுவில் நசுங்கியபடி அம்மா. மேட்டின் பாதியில் பூசாரிக்குத் தும்மல் வந்துவிட்டது.  அப்பா காரை அப்படியே பின்னால் இறக்கி, மறுபடியும் முதலிலிருந்து ஏற்றினார். முன்னால் உட்கார்ந்திருந்த கிராணியும் கோபித்துக்கொள்ளவில்லை. அவரும் அந்தக் காரை அப்படித்தான் வாங்கியிருப்பார். மேலே போய்ச் சேர்ந்ததும் அப்பா ஒவ்வொருவரிடமும் என்ன கேட்டது என்று விசாரித்தார்.

"வயிறு சுத்தமா இருக்குலா. பல்லுதான் லேசா ஆடுது" என்றார் பூசாரி.

நாங்கள் அப்படித்தான் பேசிக்கொள்வோம். இஞ்சினின் அடியிலிருந்து கனமாக வருகிற இடி வயிற்றுச் சத்தம். மேல் மூடிக்குள்ளிருந்து டிக்டிக் என்று வருவது பல். பெல்ட் கீச்சிட்டால் தொண்டை. பல்லும் தொண்டையும் கெட்டிருந்தால் பேரம் பேசி வாங்கலாம். வயிறு கெட்டிருந்தால் கிராணிக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட வேண்டும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பாவின் முகத்தில் இருந்த பெருமையை எழுத எனக்குத் தெரியவில்லை. கோயில் முன்னால் எலுமிச்சம்பழம் நசுக்கினார். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அந்தச் சாயங்காலத்துக்குத் திரும்பிப் போக முடியும் என்றால் என் கடையை அப்படியே போட்டுவிட்டுப் போவேன்.

சத்தத்தை நாங்கள் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. பனி மூடிவிட்டால் லயத்திலிருந்து ரோடு தெரியாது. கொழுந்து லோரி வருகிறதா, பள்ளிக்கூட வேன் வருகிறதா என்பதைக் காதால்தான் கண்டுபிடிப்போம். தோட்டத்து மேனேஜர் துரையின் ஜீப் கீழ் வளைவில் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டால் போதும், தேயிலைச் செடி நிரையில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் எழுந்து கொழுந்து பறிக்க ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் தோட்டத்துப் பெண்கள் உட்கார்ந்திருப்பதைத் துரை சாகும் வரைக்கும் பார்த்ததே இல்லை. அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இப்போது அந்த நிரைகளில் வேறு நாட்டுப் பையன்கள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு மெஷினால் கொழுந்து வெட்டுகிறார்கள். அவர்களுக்கு எந்த ஜீப்பும் கேட்காது. லயத்திலும் பாதி வீடுகளில் அவர்கள்தான். அம்மாவைக் கண்டால் சுமையை வாங்கிக்கொண்டு முன்னால் நடக்கிற நல்ல பையன்கள்.

எனக்குக் கியா பார்மில் ஸ்ட்ராபெரி கடை. அப்பா இருந்த வரைக்கும், வாரத்தில் ஏதாவது ஒரு மத்தியானம் அம்மாவை ஏற்றிக்கொண்டு கடைக்கு வருவார். ரோடு நிறையச் சுற்றுலா வண்டிகள் நெரியும்போதும், முதுகைத் திருப்பிக்கொண்டு பழம் அடுக்குகிறபோதே அவர் கார் ஏறி வருவது எனக்குத் தெரிந்துவிடும். அது மலைச்சரிவில் நிதானமாக, பாட்டை மறந்துவிட்டுத் தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டவர் மாதிரி வரும். ஒரு குறையும் சொல்ல முடியாத சத்தம். அதனால்தான் காரைச் சுலபமாக விற்றுவிடலாம் என்று நினைத்தேன்.

கைப்பேசியில் படம் எடுத்துப் போட்டேன். முதலில் வந்தவர் திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருப்பவர். பானெட்டைத் திறந்து, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, அருள் வருகிறவர் போல வெகுநேரம் நின்றார். நானும் பயபக்தியோடு நின்றேன். கண்ணைத் திறந்து, "ரேடியோ ஓடுமா?" என்று கேட்டார். ஓடாது. போய்விட்டார். இரண்டாவதாக வந்தவர் ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து இஞ்சினைக் கதறவிட்டு, "சத்தம் ஜாஸ்தியா இருக்கேக்கா" என்றார். அப்படி மிதித்தால் கத்தாமல் தாலாட்டா பாடும்? அவரையும் அனுப்பிவிட்டேன். இரும்புக்காரன் இதற்குள் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டான். அவனுக்கு மட்டும் எந்தச் சத்தமும் கேட்க வேண்டியதில்லை.

மூன்றாவதாகப் பேசியவர்தான் கார் தெரிந்தவர். லெம்பா பெர்த்தாமில் காய்கறி போடுகிறவர், என்னைவிடச் சின்னவர். போனிலேயே கறாராகச் சொன்னார்.

"அக்கா, நான் காலையிலயே வர்றேன். ராத்திரி பூரா நின்ன வண்டியத்தான் ஸ்டார்ட் பண்ணிக் கேக்கணும். நான் வர்றதுக்கு முன்னாடி யாரும் சாவி போட வேணாம்."

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பழைய இஞ்சினின் குறையெல்லாம் அது குளிர்ந்து கிடக்கும்போதுதான் வெளியே வரும். எங்கள் ஊர்க் குளிரில் ராத்திரி முழுக்க நின்றால் எண்ணெய் கெட்டியாகி அடியில் தங்கிவிடும். முதல் ஸ்டார்ட்டில் தேய்ந்த இடமெல்லாம் வாய்விட்டுச் சொல்லும். சூடேறினால் பாதிச் சத்தம் அடங்கிவிடும். அதனால்தான் ஏமாற்றி விற்கிறவர்கள் ஆள் வருவதற்கு முன்பே இஞ்சினைச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். இது கார் வாங்குகிற எல்லோருக்கும் தெரிந்த தில்லுமுல்லு.

காலையில் ஒருத்தர் வருகிறார் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். சாவி விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பேட்டரி படுத்துவிடாமல் இருக்க எப்போதாவது ஸ்டார்ட் பண்ணி வைப்பாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நானும் காய்கறிக்காரரும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தோட்டத்துக்குள் நுழைந்தோம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பனி இன்னும் தகரக் கூரைகளின் மேலேயே கிடந்தது. அவர் அம்மாவுக்கு வணக்கம் சொன்னார், நேராகக் கார் நின்ற கொட்டகைக்குப் போனார். சாவியைக் கேட்கவில்லை. பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்தார்.

"வண்டி சூடா இருக்கேக்கா" என்றார்.

நான் போய்த் தொட்டேன். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி மாதிரி இருந்தது.

"பேட்டரிக்காக அம்மா போட்டிருப்பாங்க தம்பி."

"பேட்டரிக்குன்னா நேத்து மத்தியானம் போட்டிருக்கலாம். நான் அவ்ளோ சொல்லியும், நான் வர்ற நேரத்துக்கா போடுவாங்க? போன மாசம் ஈப்போல ஒரு கார் பாத்தேன். அங்கயும் இதே பேட்டரி கததான் சொன்னாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "எங்கம்மாவப் பாத்தா ஏமாத்துறவங்க மாதிரியா இருக்கு? கார் வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுப் போங்க. வயசானவங்கள வச்சிக்கிட்டுப் பேசுற பேச்சா இது?" என்று கத்தினேன். கடையில் கத்திக் கத்திப் பழகிய குரல். லயத்தில் இரண்டு கதவுகள் திறந்தன. என்னைத் தூக்கிவாரிப் போட்டது அவர் பேச்சு அல்ல, அம்மா நின்ற விதம். வாசலில், சால்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கையும் களவுமாகப் பிடிபட்டவள் போலவே நின்றாள்.

பக்கத்து வீட்டு வங்காளதேசத்துப் பையன் பூட்ஸை மாட்டிக்கொண்டே வெளியே வந்தான். அவர் அவனிடம் மலாய் மொழியில், இந்தக் காரை எப்போது ஸ்டார்ட் பண்ணினார்கள் என்று கேட்டார். அவன் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"தியாப் ஹாரி, பாங்" என்றான். தினமும் அண்ணே என்று அர்த்தம். தினமும் விடியும் முன்பே மக்சிக், அதாவது எங்கம்மா, இஞ்சினைப் போடுவார்கள், கொஞ்ச நேரம் கழித்து நிறுத்திவிடுவார்கள், தன் வீட்டுப் பையன்கள் எல்லோருக்கும் அதுதான் எழுந்திருக்கிற மணி என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

எனக்கே அது புதுச் செய்தி. வந்தவரின் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் சூடான இஞ்சினை வைத்து அவர் என்ன முடிவு பண்ண முடியும்? போகத்தான் கிளம்பினார். அப்போதுதான் அம்மா பேசினாள்.

"நாளைக்கு வாங்க தம்பி. நான் தொட மாட்டேன்." உள்ளே போய் ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். "இதையும் எடுத்துட்டுப் போயிடுங்க."

"ஐயோ வேணாம்மா. நீங்க சொன்னா போதும்."

"எடுத்துட்டுப் போங்க தம்பி. இங்க இருந்தா என் கை சும்மா இருக்காது."

அவர் போன பிறகு ஏம்மா தினமும் போடுகிறாய் என்று கேட்டேன். பேட்டரிக்குத்தான் என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்க ஆரம்பித்துவிட்டாள். அன்று நான் வீட்டுக்குத் திரும்பவில்லை. சாமான் கட்ட வேண்டும் என்பது சாக்கு. அம்மாவைத் தனியாக விட மனசு வரவில்லை.

மறுநாள் எனக்கு விழிப்பு வந்தபோது லயமே சத்தமில்லாமல் கிடந்தது. கல்யாணத்துக்கு முன்பெல்லாம் நான் எழுவதற்குள் அம்மா தேத்தண்ணி போட்டிருப்பாள். அன்று அடுப்புப் பற்றவில்லை. குசினியில் மேசைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். பாத்திரம் இல்லை, துணி இல்லை, கையில் ஒன்றுமே இல்லை. என் அம்மா அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது.

"தேத்தண்ணி போடலியாம்மா?"

"அந்தத் தம்பி வரட்டும்" என்றாள். பிறகு ஆணியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டில் யாரோ அலறுகிற சத்தம் கேட்டது. பையன்கள் நேரம் போனது தெரியாமல் தூங்கிவிட்டார்கள். ஒருவன் வாயில் பிரஷ்ஷோடு பெரட்டுக்கு ஓடினான். ஆட்களைக் கணக்கெடுக்கக் கங்காணி நிற்கிற இடத்துக்கு அவன் நுரையோடு போய்ச் சேர்ந்திருப்பான். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

அவர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். பானெட்டைத் தொட்டார். பனி ஈரம் கையில் ஒட்டியது. தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

 டக்டக்டக் என்று, தகரக் குவளையில் கரண்டியால் விடாமல் தட்டுவதைப் போல, லயம் முழுக்கக் கேட்டது. இத்தனை வருசமாக நான் மெச்சிக்கொண்டிருந்த காரா இது? யோசித்தபோதுதான் புரிந்தது. அப்பா என் கடைக்கு வருகிறபோது மலையெல்லாம் ஏறி இஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்கும். இந்தக் கார் குளிரில் விழித்துக்கொள்வதை நான் கேட்டதே இல்லை. சரி, இவரும் போய்விட்டார், இனிமேல் இரும்புக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டேன். 

அவர் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இஞ்சின் மேல் வைத்து, பிடியில் காதை வைத்துக் கேட்டார். மேல் மூடி, பக்கவாட்டு, அடி என்று இடம் மாற்றி மாற்றிக் கேட்டார்.  அதற்குள் அம்மா அடுப்பைப் பற்றவைத்திருந்தாள்.

"உள்ள வாங்க தம்பி" என்று கூப்பிட்டாள். "அது அடங்க நேரமாவும். நின்னுக்கிட்டு இருக்க வேணாம். அது பாட்டுக்கு ஓடட்டும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.  வெளியே சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. இடையில் ஒன்றிரண்டு தட்டு விட்டுப்போனது. பிறகு எப்போது என்றே தெரியாமல் நின்றுவிட்டது. நான் கேட்டுப் பழகிய சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த டக்டக் நின்றதும் அம்மா சட்டென்று எழுந்துவிட்டாள். எழுந்தவள் எங்கேயும் போகவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கார எடுத்துக்கிறேன்மா" என்றார் அவர். "வயிறு நல்லாருக்கு. வெறும் பல்லுதான். சூடானா நிக்கிற சத்தத்துக்குப் பயப்பட வேணாம், சூடானதுக்கு அப்புறம் வர்ற சத்தம்தான் ஆள முடிச்சிடும். இது மெக்கானிக் கிட்ட குடுத்தா ஒரே நாள் வேல. ஐயா ஏன் இத இத்தன வருசம் சரி பண்ணாம விட்டாரு?"

"அவரு பண்ணிடறேன்னுதான் சொன்னாரு. நாந்தான் வேணாம்னுட்டேன்."

"ஏம்மா?"

அம்மா காலிக் குவளையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "மோட்டார்ல போன காலத்துல நின்னுக்கிட்டே ரெண்டு வாய் ஊத்திக்கிட்டு ஓடிருவாரு. எனக்கும் பெரட்டுக்கு நேரமாயிரும். ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்க முடியாது. இந்தச் சத்தம் வந்தப்புறம்தான், குளிர்ந்த வண்டிய மேட்டுல ஏத்தக் கூடாது, அடங்கட்டும்னு உள்ள வந்து உக்காருவாரு. அது நிக்கிற வரைக்கும் வீட்டுல இருப்பாரு."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மறைக்க முயலவில்லை. பேட்டரிக்காக என்று சொல்லிக்கொண்டு ஒரு வருசமாக அம்மா தினமும் விடியற்காலையில் யாரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு ஆறிப்போன தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

பேர் மாற்றுகிற வேலையெல்லாம் முடிந்து, மாதக் கடைசியில் அவர் காரை எடுத்துப் போக வந்தார். சாமான் ஏற்றிய வேன் ஒரு பக்கம் நின்றது. அவர் ஸ்டார்ட் பண்ணி, கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து, நாங்கள் கேட்காமலே அது அடங்குவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். அம்மா ஜன்னலோரம் போய்க் குனிந்தாள்.

"சரி பண்றதுன்னா பண்ணிக்குங்க தம்பி. உங்க வண்டி. ஆனா அதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு வார்த்த கேட்டுக்குங்க."